பிரேக்குக்கு ரெண்டாவது கையெழுத்து

எங்க பேங்க்ல ஒரு பெரிய தொகை கை மாறணும்னா ரெண்டு பேர் பார்க்கணும். என்ட்ரி போடறவர் ஒருத்தர், பாஸ் பண்றவர் இன்னொருத்தர். ஸ்ட்ராங் ரூமுக்கு ரெண்டு சாவி, ரெண்டும் ஒரே ஆள் கையில இருக்கக்கூடாது. இருபது வருஷத்துக்கு மேல இதையே செஞ்சுக்கிட்டு இருக்கறவன் நான். அப்பேர்ப்பட்டவன் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல உக்காந்து, குடும்பமே ஏறிப்போற காரோட பிரேக்கைப் பிரிச்சு மாட்டினேன். பாஸ் பண்ண ஆள் யாரும் இல்ல. போட்டதும் நான், பாஸ் பண்ணதும் நான்.

"கார்ல பிரேக் பிரஷர் சென்சாரை வீட்லயே மாத்தலாமா?"ன்னு இப்ப தெரிஞ்சவங்க சில பேர் என்கிட்ட கேக்கறாங்க. நான் ஒரு தடவை மாத்தினேன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு பாதிப் பேருக்குத்தான் தெரியும் :-) மீதிப் பேருக்காக இந்தப் பதிவு.

முதல்ல நம்ம கதை. சொந்த ஊர் நாமக்கல் பக்கம். பி.காம். முடிச்சு, பேங்க் பரீட்சை எழுதி, ஊர் ஊரா மாத்தல் வாங்கி, கடைசியா பெங்களூர். வீடு பி.டி.எம்.ல, மைக்கோ லேஅவுட். வேடிக்கை என்னன்னா, மைக்கோங்கறதே மோட்டார் சமாச்சாரம்தான். மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, 1951ல ஆரம்பிச்சது, ஆடுகோடியில பெரிய ஃபாக்டரி இருந்துச்சு. 2008ல பாஷ் லிமிடெட்னு பேர் மாறிடுச்சு. அந்த பாஷ் குழுமம்தான் 1978ல காருக்கு ஏ.பி.எஸ். பிரேக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்படி ஒரு பேர் வெச்ச ஏரியால குடியிருந்தா தனக்கும் மோட்டார் வேலை தெரியும்னு ஒரு நினைப்பு வந்துடும் போல.

என் கார் 2008 மாடல் செடான், செகண்ட் ஹேண்ட். கம்பெனி பேர் வேண்டாம். பெங்களூர்ல இருக்கற நம்ம ஆட்களுக்கு கார் எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். தினம் ஆபீஸ் போக இல்ல, சில்க் போர்டு சிக்னல்ல நிக்கறதுக்கு யாரும் கார் வாங்கறதில்ல. ஊருக்குப் போகத்தான். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர், சேலம், நாமக்கல். சுமார் 250 கிலோமீட்டர். பண்டிகை, காதுகுத்து, கல்யாணம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னா ராத்திரியோட ராத்திரியா. நம்ம ஜாதகமே அந்த ரோட்டுலதான் ஓடுது.

சில வருஷம் முன்னாடி, பொங்கலுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்போ டேஷ்போர்டுல மஞ்சளா ரெண்டு லைட் எரிய ஆரம்பிச்சது. ஏ.பி.எஸ்., ஈ.எஸ்.பி. ரெண்டும். பிரேக் வழக்கம் போலத்தான் பிடிச்சது. சர்வீஸ் செண்டர்ல விட்டேன். ஹைட்ராலிக் யூனிட்டையே மொத்தமா மாத்தணும், 65,000 ரூபாய் ஆகும்னு ஒரு பேப்பர் நீட்டினாங்க. காரோட விலையே ரெண்டு லட்சம் தேறாது. என்ன கோடு வந்துச்சு, எந்தப் பாகம் கெட்டுப்போச்சுன்னு கேட்டேன். "அதெல்லாம் சிஸ்டம்ல இருக்கு சார்"ங்கறதுதான் பதில். லோன் கேட்டு வந்தவர்கிட்ட "ஏன் ரிஜெக்ட் ஆச்சுன்னு சிஸ்டத்துக்குத் தெரியும்"னு நாங்க சொன்னா சும்மா விடுவாங்களா?

கூட வேலை பாக்கறவரோட தம்பிகிட்ட நல்ல ஸ்கேனர் ஒண்ணு இருந்துச்சு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கற ப்ளூடூத் ஓ.பி.டி. கருவி பெரும்பாலும் இன்ஜின் கோடுகளைத்தான் படிக்கும், பிரேக் பக்கம் எட்டிப் பாக்காது. இது ஏ.பி.எஸ். கம்ப்யூட்டரோடவே பேசுற ரகம். அது சொன்னது ஒரே வரி: பிரேக் பிரஷர் சென்சார் சிக்னல் சரியில்ல.

அந்த சென்சார் என்ன செய்யுதுன்னு சொல்லிடறேன். பெடலை அமுக்கினா பூஸ்டர் அந்த பலத்தைப் பெருக்கி மாஸ்டர் சிலிண்டருக்குக் கொடுக்குது. மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலை அழுத்துது. ஆயிலை அமுக்கிச் சுருக்க முடியாது, அதனால அந்த அழுத்தம் குழாய் வழியா அப்படியே நாலு வீலுக்கும் போகுது. எட்டாவது சயின்ஸ்ல படிச்ச பாஸ்கல் விதிதான். வேகமா அமுக்கினா இந்த அழுத்தம் 100 பார் பக்கம் போகும். டயர்ல நாம அடிக்கற காத்து 2 பாருக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். டிரைவர் எவ்வளவு அழுத்தமா பிரேக் போடறார்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது இந்த சென்சார். கார் சறுக்கும்போது எந்த வீலைத் தனியா பிடிக்கணும்னு ஈ.எஸ்.பி. முடிவெடுக்க அந்தக் கணக்கு வேணும். சென்சார் செத்தா ஈ.எஸ்.பி. தன்னை அணைச்சுக்கிட்டு லைட்டைப் போடும், சாதா பிரேக் வேலை செய்யும்.

இப்ப வர்ற பெரும்பாலான கார்கள்ல இந்த சென்சார் ஹைட்ராலிக் யூனிட்டுக்குள்ளயே இருக்கு, தனியா கழட்ட முடியாது. என் கார் மாதிரி சில பழைய மாடல்ல மாஸ்டர் சிலிண்டர்ல போல்ட் மாதிரி திருகி வெச்சிருப்பாங்க. பார்த்தா ஸ்பானர் போட்டா வந்துடும் போலத்தான் இருக்கும். அங்கதான் என் புத்தி கெட்டுச்சு.

தைரியம் வந்ததுக்குக் காரணமும் இருக்கு. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி முன் வீல்ல இருக்கற ஸ்பீடு சென்சாரை நானே மாத்தியிருந்தேன். ஜாக்கி வெச்சு, ஸ்டாண்டு வெச்சு, வீலைக் கழட்டி, ஒரு போல்ட், ஒரு ஒயர் கனெக்டர். அரை மணி நேரம். லைட் அணைஞ்சுது. வீட்ல ஒரு வாரம் எனக்கு தனி மரியாதை. அதுவும் ஏ.பி.எஸ். சென்சார், இதுவும் சென்சார், என்ன பெரிய வித்தியாசம்னு நினைச்சுட்டேன்.

வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ஸ்பீடு சென்சார் வெளிய உக்காந்து வீல் சுத்தறதை எண்ணுது. அதைக் கழட்டினா பிரேக் ஆயில் ஒரு சொட்டும் வெளிய வராது. தப்பா மாட்டினா லைட் எரியும், சாதா பிரேக் இருக்கும். பிரஷர் சென்சார் ஆயில் ஓடற பாதையிலயே இருக்கு. அதைக் கழட்டற நிமிஷம் பிரேக்கையே திறந்துட்டீங்கன்னு அர்த்தம். உள்ள காத்து போகும். ஆயிலை அமுக்கிச் சுருக்க முடியாது, காத்தை முடியும். காத்து இருந்தா நீங்க அமுக்கற பலம் வீலுக்குப் போகாம காத்தைச் சுருக்கறதுலயே செலவாயிடும். பெடல் பஞ்சு மாதிரி ஆகும். தப்பா மாட்டினா இங்க லைட் எரியாமக்கூட போகலாம், ஆனா பிரேக் இருக்காது.

இதெல்லாம் இப்ப சொல்றேன். அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது, ஜே.சி. ரோட்ல 4,800 ரூபாய்க்கு சென்சார் கிடைக்குது, 65,000ல 60,000 மிச்சம்.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம் மூணு மணிக்கு ஆரம்பிச்சேன். பார்க்கிங்ல ரிப்பேர் பண்ணக்கூடாதுன்னு அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டியிருக்கு, அதனால செக்யூரிட்டியைச் சமாதானம் பண்றதுலயே அரை மணி நேரம். எதிர்வீட்டு கன்னடக்காரர் வாக்கிங் போறப்போ "ஏன் சார், மெகானிக் ஆகிபிட்ரா?"ன்னு சிரிச்சுட்டுப் போனார். பழைய சென்சாரைக் கழட்டினேன், புதுசைத் திருகினேன். ரொம்ப இறுக்கினா மாஸ்டர் சிலிண்டர் மரை போயிடும்னு பயம். டார்க் ரெஞ்ச் கிடையாது, கைக் கணக்குதான். அப்புறம் ஏர் எடுக்கற வேலை. பத்தாவது படிக்கற பையனை டிரைவர் சீட்ல உக்கார வெச்சு, நான் கீழ பிளீடர் நிப்பிள்கிட்ட. "அமுக்கு... பிடி... விடு." அவனுக்கு அது விளையாட்டு. நாலு வீலும் முடிக்க ஏழரை ஆச்சு. பெடலை அமுக்கிப் பார்த்தேன், கல்லு மாதிரி இருந்துச்சு. லைட்டும் அணைஞ்சுது. மேல வந்து குளிச்சுட்டு, 60,000 ரூபாய் சம்பாதிச்ச மாதிரி சோபாவுல உக்காந்தேன்.

அந்த வாரம் எங்க மாமா வீட்ல இருந்தார். அம்மாவோட தம்பி. கண் ஆபரேஷனுக்கு வந்தவர், எங்களோடயே ஊருக்குத் திரும்பறதா ஏற்பாடு. நாமக்கல்ல நாப்பது வருஷம் லாரிப் பட்டறை. என்ன செஞ்சேன்னு பெருமையா சொன்னேன். ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டு முடிச்சு, கையைக் கழுவிக்கிட்டே, "சாவியக் குடு மாப்ள, ஒருக்கா பாத்துட்டு வந்தர்லாம்"ன்னார்.

கீழ போய் டிரைவர் சீட்ல உக்காந்தார். முதல்ல இன்ஜினை ஸ்டார்ட் பண்ணார். நான் பண்ணாத வேலை அதுதான். இன்ஜின் அணைச்சிருக்கும்போது பூஸ்டர் உதவி இருக்காது, ரெண்டு மூணு தடவை அமுக்கினா எந்தப் பெடலும் கல்லு மாதிரிதான் இருக்கும். இன்ஜின் ஓடறப்போ அமுக்கினாத்தான் உண்மை தெரியும். மாமா பெடலை மிதிச்சு, அப்படியே காலை வெச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தார்.

"எறங்கீட்டே போவுதே மாப்ள."

நானும் உக்காந்து மிதிச்சேன். ஆமா. மெதுவா, ரொம்ப மெதுவா, கால் கீழ போய்க்கிட்டே இருந்துச்சு. மாமா பானெட்டைத் திறக்கச் சொல்லி, நியூஸ் பேப்பரைக் கிழிச்சு சென்சாருக்கு அடியில துடைச்சார். பேப்பர் நனைஞ்சு இருந்துச்சு. நான் பயந்து பயந்து இறுக்கினதுல மரை சரியா உக்காரல. மிதிக்க மிதிக்கக் கொஞ்சம் கொஞ்சமா ஆயில் கசியுது.

"இந்த வண்டி நாளைக்குத் தொப்பூர் எறங்காது. வீட்ல சொல்லீரு, பஸ்ல போலாம்."

ராத்திரி ஒன்பதே முக்கால். பெட்டி எல்லாம் கட்டியாச்சு. ஊர்ல அம்மாவுக்கு, தங்கச்சி பசங்களுக்கு எடுத்த துணி, ஓவன், அது இதுன்னு டிக்கி நிறைய சாமான். இன்னும் கொஞ்சம் இறுக்கிட்டா சரியாப் போயிடும் மாமா, காலைல ஒரு தடவை பார்த்துட்டு மெதுவா போயிடலாம்னு சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்படல. "இறுக்கலாம் மாப்ள. இறுக்குனா சரியாயிருச்சுன்னு யாரு பாத்துச் சொல்றது? நீயா?"ன்னு கேட்டார். அவ்வளவுதான். நான் வாயை மூடிட்டேன்.

பொண்ணு அழுதா. வீட்டம்மா "ஏனுங்க, அறுபதாயிரம் போனாப் போகுதுன்னு அப்பவே குடுத்திருக்கலாமுங்க"ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னாங்க, அது போதும். விடிகாலைல சில்க் போர்டுல நின்னு, பொங்கல் கூட்டத்துல இடிபட்டு, சேலம் பஸ் ஏறினோம். பையன் கிருஷ்ணகிரி வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தான்.

தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் வந்தப்போ ஜன்னல் ஓரம் உக்காந்திருந்தேன். அந்த இறக்கம் உங்க எல்லாருக்கும் தெரியும். பெங்களூர்லேர்ந்து போறப்போ அது முழுக்கக் கீழ்நோக்கி. 2020 டிசம்பர்ல கட்டுப்பாட்டை இழந்த ஒரு லாரி அங்க வரிசையா நின்ன வண்டிகள் மேல ஏறி நாலு பேர் செத்துப்போனாங்க. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல எறங்கற லாரிகள், பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்து சூடேறி விட்டுடற லாரிகள், இதெல்லாம் அந்த ரோட்டுல புதுசில்ல. மாமா வழக்கமா சொல்றது, "எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல எறங்கோணும்". அன்னிக்கு ஒண்ணும் சொல்லல, முன் சீட் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு தூங்கிட்டு வந்தார். எனக்குத்தான் தூக்கம் வரல. பின் சீட்ல ரெண்டு பசங்களோட, பக்கத்துல மாமாவோட, நான் அந்தக் காரை ஓட்டிக்கிட்டு இந்த வளைவுல வந்திருப்பேன். கசிவு எங்க பெருசாகியிருக்கும்னு யார் கண்டது?

நியாயமா சொல்லணும்னா, கார்ல பிரேக் ஆயில் பாதை ரெண்டா பிரிஞ்சிருக்கும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பாதி பிரேக்காவது கொடுக்கும். உடனே செத்திருப்போம்னு நான் சொல்லல. ஆனா பாதி பிரேக்கை நம்பி தொப்பூர் எறங்கறதுக்கு யாராவது சொந்த பந்தத்தைக் கூட்டிட்டுப் போவாங்களா?

இதுல என் தப்பு எதுன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். "பேங்க்காரனுக்கு எதுக்கு மெக்கானிக் வேலை"ன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நான் அதை ஒத்துக்கல. வேலை தெரிஞ்சவங்களும் இதே தப்பைச் செய்வாங்க.

1990 ஜூன் 10ஆம் தேதி பர்மிங்ஹாம்லேர்ந்து ஸ்பெயின்ல இருக்கற மலாகாவுக்குக் கிளம்பின ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்துல, மேல ஏறிக்கிட்டு இருக்கறப்போ பைலட் முன்னாடி இருந்த கண்ணாடி பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. கேப்டன் பாதி உடம்பு வெளிய போய், ஊழியர்கள் அவர் காலைப் பிடிச்சுக்கிட்டே இருக்க, துணை பைலட் இறக்கினார். கேப்டன் பிழைச்சுட்டார். விசாரணையில தெரிஞ்சது என்னன்னா, முந்தின நாள்தான் அந்தக் கண்ணாடியை மாத்தியிருக்காங்க. 90 போல்ட்ல 84 போல்ட் விட்டம் கொஞ்சம் சின்னது. மாத்தினவர் அனுபவமுள்ள மெயிண்டனன்ஸ் மேனேஜர். தனியா செஞ்சார். அந்த வேலையை ரெண்டாவது ஆள் பார்க்கணும்னு அப்ப விதி இல்ல.

அவருக்கு வேலை தெரியாமப் போகல. அவர் செஞ்சது சரின்னு அவரே நம்பினார், அவ்வளவுதான். அதே மாதிரி 1995ல பேரிங்ஸ் பேங்க் 827 மில்லியன் பவுண்டு நஷ்டத்துல மூழ்கினதும், வியாபாரம் பண்ற ஆளே அதோட கணக்கையும் பார்த்துக்கிட்டதாலதான். பேங்க் ட்ரெய்னிங்ல எங்களுக்கு முதல்ல சொல்ற கதை அது. நான் அதைக் கேட்டு, பரீட்சை எழுதி, பாஸும் பண்ணினேன். பார்க்கிங்ல ஸ்பானர் எடுத்தப்போ ஞாபகம் வரல.

தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாதுங்கறது படிப்பையோ திறமையையோ பொறுத்தது இல்ல. அதனாலதான் ரெண்டாவது கையெழுத்து. இன்னொண்ணும் கவனிங்க. பையன் பெடல் அமுக்கினான், ஆனா அவன் செக்கர் இல்ல, உதவியாள். செக்கருக்கு வேலை தெரிஞ்சிருக்கணும். அதைவிட முக்கியம், "கூடாது"ன்னு சொல்ற உரிமை இருக்கணும். மாசக் கடைசி சாயந்திரம் "சார், எல்லாம் சரியாத்தான் இருக்கு, கொஞ்சம் பாஸ் பண்ணிடுங்க"ன்னு யாராவது சொன்னா, கண்ணை மூடிக்கிட்டு பாஸ் பண்ற ஆபீசர்தான் பேங்க்குக்குப் பெரிய ஆபத்து. அன்னிக்கு ராத்திரி நான் மாமாகிட்ட கேட்டது அதே வார்த்தையைத்தான். அவர் பாஸ் பண்ணல. பேத்தி அழுதும் பண்ணல.

"அப்ப பேசாம கம்பெனி சர்வீஸ் செண்டர்லயே விட்டுடலாமே"ன்னு கேப்பீங்க. அதுவும் என் கட்சி இல்ல. 65,000 பேப்பரை நான் இன்னும் மறக்கல.

நம்ம நாட்டுல இதுக்கு ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கு. ஷம்ஷேர் கட்டாரியாங்கறவர் கொடுத்த புகார்ல ஆரம்பிச்சு, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25ஆம் தேதி 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஒரிஜினல் பாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காம வெச்சிருக்கீங்க, அதைத் திறந்து விடுங்கன்னு உத்தரவு. தெரியாதவங்க கையில பாகங்களைக் கொடுத்தா பாதுகாப்பு போயிடும்னு கம்பெனிகள் வாதாடினாங்க. ஆணையம் அதை ஏத்துக்கல. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்கங்கறது வேற கதை. அப்புறம் 2022ல மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டு, அந்த வருஷ டிசம்பர்லயே ஒரு இணைய வாசலும் திறந்தாங்க. கார்களும் அதுல ஒரு பிரிவு.

நம்ம ஆட்களுக்கு இது பழக்கமில்லாத விஷயமும் இல்ல. ஒரு வெள்ளைக்காரர்கிட்ட மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரிச்சு மாட்டித்தான் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு மோட்டார் தொழிலைக் கத்துக்கிட்டார். 1920ல பொள்ளாச்சி-பழனி ரூட்ல ஒரே ஒரு பஸ்ஸோட ஆரம்பிச்சார். எங்க நாமக்கல் லாரித் தொழிலே பட்டறையில கத்துக்கிட்டதுதான். பிரிச்சுப் பார்க்காதேன்னு சொல்றவங்க பக்கம் நான் நிக்க மாட்டேன். "எந்தப் பாகம் கெட்டுச்சு?"ன்னு கேட்டா பதில் தெரியற உரிமை வண்டி வாங்கினவனுக்கு வேணும். நான் பார்க்கிங்ல போய் உக்காந்ததுக்கு என் அசட்டுத்தனம் பாதிக் காரணம்னா, அந்த பதில் சொல்லாத பேப்பர் மீதிக் காரணம்.

ஆனா உரிமை வேற, தனியா செய்யறது வேற. சட்டமே ரோட்டுல போறவனையும் நினைச்சுத்தான் எழுதியிருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 190. ஆபத்தான பழுது இருக்கற வண்டியை, அந்தப் பழுது தெரிஞ்சு ஓட்டினாலும் குற்றம், சாதாரண கவனம் வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்ங்கற நிலையில ஓட்டினாலும் குற்றம். மாமா பண்ணது சாதாரண கவனம்தான். ஒரு நிமிஷம் பெடல்ல கால், ஒரு துண்டு நியூஸ் பேப்பர்.

பொங்கல் முடிஞ்சு வந்ததும், வில்சன் கார்டன் பக்கம் ஒரு தனி கராஜ்காரரை வரவழைச்சு, வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போகச் சொன்னேன். சரியான டார்க்ல இறுக்கி, புது ஆயில் ஊத்தி, ஸ்கேனர்லேர்ந்தே ஏ.பி.எஸ். பம்ப்பை ஓட வெச்சு உள்ள இருந்த காத்தையும் எடுத்து, புது சென்சாருக்கு பூஜ்யம் செட் பண்ணிக் கொடுத்தார். 3,500 ரூபாய். வண்டி எடுக்கறப்போ "யார் செக் பண்ணாங்க?"ன்னு கேட்டேன். ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் அவரே ஏறி, என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டிக் காட்டினார். இப்ப எந்த கராஜ் போனாலும் இந்தக் கேள்வியைக் கேக்கறேன். சர்வீஸ் செண்டர்லயும் ஒரே பையன் கழட்டி, அவனே மாட்டி, அவனே டிக் அடிச்சா, அதுவும் என் பார்க்கிங்கும் ஒண்ணுதான்.

கடைசியா, கேக்கறவங்களுக்கு நான் இப்ப சொல்ற பதில்:

1. லைட் எரிஞ்சா முதல்ல கோடு என்னன்னு பாருங்க. பேட்டரி வீக்கா இருந்தாலும், கனெக்டர்ல துரு இருந்தாலும் இதே லைட் எரியும். பாதி நேரம் சென்சார் மேல தப்பே இருக்காது.

2. ஒயர் மட்டும் இருக்கற சென்சார்னா, ஆர்வம் இருந்தா வீட்ல மாத்துங்க. ஜாக்கியை மட்டும் நம்பாம ஸ்டாண்டு வையுங்க.

3. ஆயில் பாதையைத் திறக்கற எந்த வேலைன்னாலும், வேலை தெரிஞ்ச இன்னொருத்தர் கூட இல்லாம ஸ்பானரைத் தொடாதீங்க. டார்க் ரெஞ்ச், ஸ்கேனர் ரெண்டும் இல்லைன்னா வேண்டவே வேண்டாம்.

4. பிரேக் ஆயில் பாட்டில் சீல் உடைக்காததா இருக்கணும். மூடியில எழுதியிருக்கற டாட் நம்பர்தான் ஊத்தணும். அந்த ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கறப்போ குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறிடுச்சுன்னா 155 டிகிரிதான் உத்தரவாதம். இறக்கத்துல பிரேக் சூடாகறப்போ அந்த வித்தியாசம்தான் காப்பாத்தும். பெயிண்ட்ல பட்டா பெயிண்ட்டும் போயிடும், உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க.

5. யார் செஞ்சிருந்தாலும், இன்ஜினை ஓட விட்டு, பெடலை ஒரு நிமிஷம் அமுக்கிப் பிடிச்சுப் பாருங்க. இறங்கினா வண்டி நகரக்கூடாது. அப்புறம் கூட்டமில்லாத ரோட்ல மெதுவா ஓட்டிப் பாருங்க.

6. ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள் பிரேக்கைத் தொடாதீங்க. பெட்டி கட்டின வீட்ல யாருக்கும் "கூடாது"ன்னு சொல்ல மனசு வராது.

மாமா இப்ப ஊர்லதான் இருக்கார், பட்டறையை மகன் பாத்துக்கறான். நான் ஒவ்வொரு தடவை ஊருக்குப் போய் இறங்கினதும் வண்டிச் சாவியை வாங்கிக்கிட்டுப் போய் ஒரு நிமிஷம் உக்காந்துட்டு வருவார். ஒண்ணும் சொல்ல மாட்டார். சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டார்னா பாஸ் ஆயிடுச்சுன்னு அர்த்தம் :-)

டிஸ்கி: அந்த 4,800 ரூபாய் சென்சார் இன்னும் நல்லா வேலை செய்யுது. மாட்டினவன்தான் சரியில்ல.